நூத்தியொரு சீர்த்தட்டு

இந்தப் பக்கம் தள்ளி உக்காருங்க தம்பி, அங்கிட்டு வெயிலு மூஞ்சியில அடிக்கும். ஆண்டிபட்டி தாண்டுற வரைக்கும் அடிக்கும். தேனிக்கா? நானும் அங்கதான். ஒரு கல்யாணத்துக்குப் போறேன். எனக்கு வாரத்துக்கு ரெண்டு கல்யாணம் இருக்கும், முகூர்த்த மாசம்னா நாலஞ்சு கூட இருக்கும். அம்புட்டுச் சொந்தக்காரவங்களான்னு பாக்காதீங்க. நான் பாட்டுக்காரன். பாட்டுக்காரர் காசிமாயன்னு சொன்னா இந்தப் பக்கம் தெரியும். தெரியலையா? சரி, பேரு தெரியாட்டிப் போகுது. இது தெரியுதான்னு பாருங்க.

பந்தக்காலு நட வேணாம் செவ்வந்தியே – ஊரு
பந்திபோட்டுத் திங்க வேணாம் செவ்வந்தியே
மஞ்சக்கயிறு மடியில் இருக்கு செவ்வந்தியே – ஒன்
மனசிருந்தாக் கழுத்த நீட்டு செவ்வந்தியே

பாத்தீங்களா, தலை ஆடுது. அது நான் கட்டுன பாட்டு தம்பி. இருவத்திரெண்டு வயசுல கட்டுனேன். ராமுத்தாயின்னு என் வீட்டுக்காரி. அப்ப அவ வீட்டுக்காரி இல்ல, மொளகாத் தோட்டத்துக்குக் களை எடுக்க வர்ற புள்ள. நான் வரப்புல நின்னு பாடுவேன். மூணு மாசம் பாடுனேன். மூணாவது மாசம் அவளே வந்து, "பாடுனது போதும், ஆளக் கூட்டிக்கிட்டு வீட்டுல வந்து கேளுங்க"ன்னுட்டா. அப்புறம் கல்யாணம் தெருவ அடைச்சுப் பந்தல் போட்டு, பேண்டுசெட்டு வச்சு, ரெண்டு ஊரைக் கூட்டித்தான் பண்ணுனோம். பின்ன? பாட்டுன்னா பாட்டு, கல்யாணம்னா கல்யாணம். இன்னைக்கு வரைக்கும் அவ, "அந்தச் செவ்வந்தி யாரோ, எனக்குத் தெரியாது"ன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறா. அவ பேச்ச விடுங்க.

இன்னைக்குப் போற மண்டபத்துல நாலாயிரம் பேருக்குச் சாப்பாடு. வாசல்ல ஐஸ்கட்டியில அன்னப்பறவை செஞ்சு நிப்பாட்டியிருப்பாங்க, அது தாலி கட்டுறதுக்குள்ள பாதி கரைஞ்சு வாத்தாப் போயிரும். அங்கயும் இந்தப் பாட்டத்தான் மூணு தடவை கேப்பாங்க. பொண்ணப் பெத்தவரு கண்ணத் தொடச்சுக்கிட்டே கேப்பாரு. தொடச்சு முடிச்ச கையோட, ஐஸ்கிரீம் பத்தலைன்னு சமையக்காரரச் சத்தம் போடப் போயிருவாரு. நான் தப்பாச் சொல்லல, நல்ல மனுசங்கதான்.

ஆனா ஒண்ணு. நான் பாடிக்கிட்டே இருப்பேன், திடீர்னு ஒருத்தன் மேடைக்கு ஓடியாந்து, "அண்ணே, நிறுத்துங்க, தாய்மாமன் சீர் வருது"ம்பான். நிறுத்தியாகணும். வரியில பாதி வாயில இருக்கும், முழுங்கிக்கிறணும். வாசல்ல கொட்டு அடிப்பாங்க. பொம்பளைக வரிசையாத் தட்டு ஏந்தி வருவாங்க. நடுவுல பொண்ணோட மாமன்காரன், சரிகைத் துண்டப் போட்டுக்கிட்டு, ஒருத்தன் கொடை பிடிக்க, இந்த உலகத்துல தன்னைத் தவிர யாருமே இல்லைங்கிற மாதிரி நடந்து வருவான். அத்தன சனமும் எந்திரிச்சு நின்னு பாக்கும். நானும் மேடையில மைக்கக் கையில பிடிச்சுக்கிட்டுப் பாத்துக்கிட்டு நிப்பேன். முப்பது வருசமாப் பாத்திருக்கேன் தம்பி. இருக்கட்டும், நமக்கும் ஒரு அக்கா மக இருக்கா, நமக்கும் ஒரு நாள் வரும்னு நெனைச்சுக்குவேன்.

அக்கா மக பேரு மேகலா. எங்க அக்கா போதுமணிக்கு ஒத்தப் புள்ள. மச்சான் சின்ன வயசுலயே போய்ச் சேந்துட்டாரு. புள்ளைய நான்தான் பாத்துக்கிட்டேன்னு நான் சொல்லக் கூடாது, ஊருல கேளுங்க, அவங்க சொல்லுவாங்க. காதுகுத்துக்குச் சீர் செய்யலாம்னு இருந்தேன், மச்சான் இறந்த வருசம், அக்கா எதுவும் வேணாம்னுருச்சு. சடங்குக்குச் செய்யலாம்னா, அந்தப் புள்ள ஏழாவது முழுப்பரீச்சைய வச்சுக்கிட்டு, "மாமா, தட்டெல்லாம் தூக்கிட்டு வந்தீங்கன்னா நான் கதவப் பூட்டிக்குவேன்"னா. சரி, கல்யாணம் ஒண்ணு இருக்குல்லன்னு பல்லக் கடிச்சுக்கிட்டு இருந்தேன்.

இப்ப வளந்து, நர்சுக்குப் படிச்சு, வேலைக்குப் போறா. மாப்பிள்ளைய அவளே பாத்துக்கிட்டா. அருள்முருகன்னு பேரு. மாட்டாஸ்பத்திரியில ஊசி போடுற வேலை. இவ மனுசனுக்குப் போடுவா, அவன் மாட்டுக்குப் போடுவான், பொருத்தத்துல என்ன குறைச்சல்? நான் ஒரு வார்த்தை எதுத்துப் பேசல. காதல நான் எதுப்பேனா? காதலப் பாடித்தான் நான் சோறு திங்கிறேன்.

தை மாசம் ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்தாங்க. உக்காந்து காப்பி குடிச்சாங்க. நான் சிலேட்டு, பலப்பம் மட்டும்தான் எடுக்கல, மத்தபடி திட்டமெல்லாம் தயாரா இருந்துச்சு. நூத்தியொரு தட்டு. கொட்டுக்காரங்க உசிலம்பட்டியில இருந்து. கொடை புதுசு. அதச் சொல்ல வாயத் தொறக்குறேன், அவ முந்திக்கிட்டா.

"மாமா, மண்டபமெல்லாம் வேணாம். நம்ம கரட்டு முருகன் கோயில்ல வச்சுக்கிறோம். ரெண்டு வீட்டுலயும் சேத்து இருவது பேரு. அம்மா கையால சாம்பார் சாதம். அம்புட்டுத்தான்."

"ஏன், யாருக்குப் பயந்துக்கிட்டு?"ன்னேன்.

"யாருக்கும் பயமில்ல மாமா. சின்னப் புள்ளையில இருந்து நீங்க பாடித்தான் கேட்டு வளந்தேன். பந்தக்காலு வேணாம், பந்தி வேணாம், மஞ்சக்கயிறு போதும்னு. எனக்கு அது நெசமாவே போதும்னு தோணிருச்சு."

தம்பி, எப்படி இருக்கும் எனக்கு? இந்தப் பாட்ட ஆயிரம் பேரு கல்யாணத்துல பாடியிருக்கேன். ஒருத்தராவது பந்தலப் பிரிச்சாங்களா? ஒருத்தராவது எலையத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சுப் போனாங்களா? அதெல்லாம் கேக்குறதுக்கு. இவ ஒருத்தி அத அப்படியே எடுத்துக்கிட்டா. அந்த மாட்டாஸ்பத்திரிக்காரனும் காப்பி டம்ளரக் கையில வச்சுக்கிட்டு, "ஆமா மாமா, மூணாவது வரி எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்"ங்கிறான். உள்ள இருந்து ராமுத்தாயி சிரிக்கிற சத்தம் கேக்குது.

கோவம் வந்துருச்சு. "சீர் இல்லாத கல்யாணத்துக்கு மாமன் எதுக்கு? நான் வரல, நீங்களே கட்டிக்கங்க"ன்னுட்டேன்.

அவ எந்திரிச்சு வந்து எம் பக்கத்துல தரையில உக்காந்தா. "மாமா, நீங்க வெறுங்கையோட வாங்க. மாமன் மாலை ஒண்ணு மட்டும் எடுத்துட்டு வாங்க. அத நீங்க போடாம நான் மணையில உக்கார மாட்டேன். முகூர்த்தம் போனாலும் சரி, உக்கார மாட்டேன்"னா.

வெறுங்கையோட வாங்கன்னு சொல்றா தம்பி. எங்க பக்கத்துல மாமன்காரனப் பாத்து இதுக்கு மேல ஒரு கேவலமான வார்த்தை கெடையாது. ஆனா அந்தப் புள்ள மூஞ்சியப் பாத்துக்கிட்டு மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வரல. அது வேற விசயம். சரின்னு தலைய ஆட்டுனேன். தலையத்தான் ஆட்டுனேன், சத்தியம் பண்ணல.

ராமுத்தாயி கண்டுபிடிச்சுட்டா. வாழைத்தார் வந்து இறங்குனதப் பாத்தே கண்டுபிடிச்சுட்டா. "ஏங்க, அந்தப் புள்ள மாலைதான கேட்டுச்சு, இதெல்லாம் யாருக்கு?"ன்னா. "புள்ளைக்குத்தான்"னேன். "புள்ளைக்கா, ஒங்களுக்கா?"ன்னா. நான் தேங்காய எண்ணப் போயிட்டேன்.

நூத்தியொரு தட்டு வைக்கிறது லேசு இல்ல தம்பி. பழம், பலகாரம், சேலை, பாத்திரம்னு எழுவது வரைக்கும் சரசரன்னு போயிருச்சு. அதுக்கு மேல வைக்கச் சாமான் இல்ல. குக்கர ஒரு தட்டு, மூடிய ஒரு தட்டுன்னு பிரிச்சேன். பிஸ்கட்டு பாக்கெட்ட அடுக்கி அஞ்சு தட்டு. கடைசித் தட்டுல ஒரு சீப்பும் ஒரு பவுடர் டப்பாவும் மட்டும் இருந்துச்சு, அதத் தூக்கிட்டு வந்த பொம்பளைதான் எல்லாரையும் விட நிமுந்து நடந்தா. மாலைக்கு மதுரையில சொல்லி, சம்பங்கியும் ரோசாவும் வச்சு, என் நெஞ்சுயரத்துக்குக் கட்டி வாங்கியாந்தேன். வாடிறக் கூடாதுன்னு ஈரத்துணியில சுத்தி, வாளியில வச்சு, சமையக்கட்டு மூலையில நிழலாப் பாத்து வச்சேன். அம்புட்டு அக்கறையா வச்சேன்.

கரடுங்கிறது சின்னக் குன்றுதான், கோயிலு அறுவது படி மேல. கீழ ஒரு கடைத்தெரு. முகூர்த்தம் ஏழரையில இருந்து ஒம்பது. நான் ஏழுக்கே கடைத்தெரு முனைக்கு வந்துட்டேன். நேரத்துக்கு வரலைன்னு என்னை ஒருத்தரும் சொல்ல முடியாது. ஆனா சீருன்னு ஒண்ணு இருந்தா அதுக்கொரு நடை இருக்குல்ல? வெரசா நடந்தா அதுக்குப் பேரு சீர் இல்ல, வீடு மாத்துறது. நாலடி நடக்கணும், நிக்கணும், கொட்டு அடிக்கணும், சனம் வந்து தட்டுல என்ன இருக்குன்னு எட்டிப் பாக்கணும், அப்புறம் நாலடி. பூக்கடையில நின்னோம். டீக்கடையில நின்னோம். பேன்சி ஸ்டோர்ல நின்னோம். கொடைய எனக்கு மேல நல்லாப் பிடிச்சிருந்தாங்க. தம்பி, சொல்றதுக்கு என்ன, நான் நடந்தேன் பாருங்க, முப்பது வருசம் பாத்த நடைய அன்னைக்கு நடந்தேன்.

பாதித் தெருவுல ஒருத்தர் கண்டுக்கிட்டாரு. "இது நம்ம செவ்வந்திப் பாட்டுக்காரருல்ல"ன்னாரு. அம்புட்டுத்தான். பூக்கடைக்காரரு ஓடியாந்து ஒரு ரோசா மாலைய எங்கழுத்துல போட்டுட்டாரு. பாட்டு பாட்டுன்னு ஒரே சத்தம். பின்னாடி குட்டியானை வண்டியில மைக்செட்டு வேற தயாரா இருக்கு. நானா கேட்டேன்? சனங்க கேட்டுச்சு. கொட்ட நிறுத்தச் சொல்லிட்டுப் பாடுனேன். என் வாழ்க்கையில முதல் தடவையா, பாட்டுக்காகச் சீர் நின்னுச்சு. ஒன்ஸ்மோருன்னாங்க. பாடுனேன். இன்னொருக்கான்னாங்க. மரியாதைக்குப் பாடித்தான ஆகணும்?

இதுல என் குத்தம் எங்க இருக்கு, சொல்லுங்க. செல்லு பை ஒண்ணுல கெடந்துச்சு, பை எந்தத் தட்டுல கெடந்துச்சுன்னு தெரியல. பத்தொம்பது தடவை அடிச்சிருக்காங்க. எனக்கு என்ன கேக்கும்? நான் மைக்குல, மஞ்சக்கயிறு மடியில் இருக்குன்னு நாலாவது தடவை இழுத்துக்கிட்டு இருக்கேன். கூட்டம் நடுவுல பிரியுது. மேகலா நிக்கிறா.

நூல் சேலை. மஞ்சக் கலரு. கழுத்துல ஒண்ணுமில்ல, தலையில கொஞ்சம் மல்லிகை. அறுவது படி எறங்கி வந்துருக்கா, மூச்சு வாங்குது. பின்னாடி அருள்முருகன் வேட்டியத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வர்றான். அவனுக்குப் பின்னாடி அய்யரு தாலித்தட்டோட வர்றாரு. எங்க அக்கா போதுமணி பாதிப் படியில உக்காந்து முழங்காலப் பிடிச்சுக்கிட்டு என்னைத்தான் பாக்குது.

திட்டப்போறான்னு நெனைச்சேன். நூத்தியொரு தட்டையும் வரிசையாப் பாத்தா. பாத்துட்டு, "பாட்டு முடிஞ்சுருச்சா மாமா?"ன்னா.

"ஒரு வரி பாக்கி இருக்கு"ன்னேன். வேற என்ன சொல்றது?

"மணி எட்டு அம்பது. மாலையப் போடுங்க மாமா, மேல போகணும்."

தட்டப் பாத்தேன். முதத் தட்டு, மஞ்சள் குங்குமம். ரெண்டாவது தட்டு, தேங்காய். அப்படியே பாத்துக்கிட்டே போறேன், சீப்புத் தட்டு வரைக்கும் போயிட்டேன். மாலை இல்ல. ராமுத்தாயியப் பாத்தேன். அவ என்னையப் பாத்தா. சமையக்கட்டு மூலையில, நிழல்ல, வாளியில வச்சதுக்கு அப்புறம் அத யாரும் எடுக்கல. நானும் எடுக்கல.

தம்பி, குக்கர் மூடிக்கு ஒரு தட்டு இருக்கு, அவ கேட்ட ஒண்ணுக்கு இல்ல. அந்த நடுத்தெருவுல, எம் மேல கொடை வேற பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. "ஆத்தா, மாலைய வீட்டுல வச்சுட்டு வந்துட்டேன்"னு சொன்னேன். மைக்கு கையிலதான் இருந்திருக்கு, தெருவுக்கே கேட்டுச்சு.

கொட்டுக்காரங்க கூடத் தலையக் குனிஞ்சுக்கிட்டாங்க. பூக்கடைக்காரரு புதுசு எடுக்க ஓடுனாரு. அவ வேணாம்னு கையக் காட்டுனா. கிட்ட வந்து, எங்கழுத்துல கெடந்த ரோசா மாலையப் பாத்துட்டு, "இது யாரு போட்டது மாமா?"ன்னா. "பாட்டுக்குப் போட்டாங்க"ன்னேன்.

"அப்ப இதத்தான் எனக்குப் போடணும்"னு தலையக் குனிஞ்சு நின்னா.

போட்டுக் கழட்டுன மாலைய யாராவது பொண்ணுக்குப் போடுவாங்களா? நான் அய்யரப் பாத்தேன். அவரு மணியப் பாத்துக்கிட்டு, "போடுங்க, போடுங்க"ங்கிறாரு. போட்டேன். மல்லிகையில மாட்டி ரெண்டாவது தடவைதான் சரியா விழுந்துச்சு, சின்ன மாலை பாருங்க. போட்டதும் அவ திரும்பி, தட்டு தூக்கி நின்ன பொம்பளைகளப் பாத்து, "அத்தை, சித்தி, தட்டெல்லாம் எறக்கி வச்சுட்டு எல்லாரும் மேல வாங்க, நேரமில்ல"ன்னா. நான் வேணாம் வேணாம்னு கத்துறேன், ஒருத்தி கேக்கணுமே. தட்ட ரோட்டோரம் வச்சுட்டு அம்புட்டுப் பேரும் படியேறிட்டாங்க. கொட்டுக்காரங்க ஏறிட்டாங்க. டீக்கடைக்காரரு அடுப்ப அணைச்சுட்டு ஏறிட்டாரு. இருவது பேரு கல்யாணத்துக்கு ஏறக்குறைய முந்நூறு பேரு. நான் கடைசியில கொடைய நானே பிடிச்சுக்கிட்டு ஏறுனேன்.

ஒம்பதுக்கு ஒரு நிமிசம் முன்னாடி தாலி கட்டுனான். எங்க அக்காவுக்கு அழுகை, ராமுத்தாயிக்கு அழுகை, அந்த மாட்டாஸ்பத்திரிக்காரனும் அழுதான். நான் அழல. எனக்குக் கீழ தட்டு ஞாபகம்.

ரெண்டு பேரும் எங்கால்ல விழுந்தாங்க. மாமன்காரன் கையில ஏதாச்சும் குடுத்துத்தான் எழுப்பணும், அதுதான் முறை. மடியத் தடவுறேன், ஒண்ணுமில்ல. எல்லாம் கீழ இருக்கு. மேகலா குனிஞ்சபடியே, "பாட்டக் குடுங்க மாமா. மைக்கு இல்லாமப் பாடுங்க"ன்னா.

பாடுனேன். முதல் ரெண்டு வரி நல்லாத்தான் வந்துச்சு. மூணாவது வரியில அவ கழுத்தப் பாத்துட்டேன். புதுக்கயிறு, மஞ்சள் ஈரம் கூடக் காயல, அதுக்கு மேல எம் மாலை. தம்பி, அந்தப் பாட்ட நான் எத்தன ஆயிரம் தடவை பாடியிருப்பேன், அதுல என்ன சொல்லியிருக்குன்னு எனக்கே அன்னைக்குத்தான் காதுல விழுந்துச்சு. மூணாவதோட நின்னுட்டேன். நாலாவது வரிய அவதான் பாடி முடிச்சா. சுதி சேரவே இல்ல. அவளுக்குச் சின்ன வயசுலயே சொல்லியிருக்கேன், பாட்டு ஒனக்கு வராதுன்னு.

கீழ எறங்கி வந்தா, கரட்டுக் கொரங்கு அம்புட்டும் தட்டுல உக்காந்திருக்கு. வாழைப்பழம் போச்சு, லட்டு போச்சு, பிஸ்கட்டு ஒரு பாக்கெட்டு மிச்சமில்ல. ஒரு கொரங்கு பவுடர் டப்பாவத் தொறந்து மூஞ்சியெல்லாம் அப்பிக்கிட்டு உக்காந்திருக்கு. சேலையும் பாத்திரமும்தான் தப்பிச்சுச்சு. அதையாவது எடுத்துட்டுப் போம்மான்னா, "வெயில்ல சொமந்துட்டு வந்தவங்க அவங்கதான மாமா"ன்னு சொல்லி, தட்டு தூக்குன பொம்பளைகளுக்கே ஆளுக்கு ஒண்ணாப் பிரிச்சுக் குடுத்துட்டா. குக்கரு ஒருத்திக்குப் போச்சு, மூடி ஒருத்திக்குப் போச்சு. அந்த ரெண்டு பேரும் இன்னைக்கு வரைக்கும் பேசிக்கிறதில்ல.

அப்ப நீங்களே நியாயத்தச் சொல்லுங்க. நூத்தியொரு தட்டு தூக்கிட்டுப் போன மாமன் கையில இருந்து அந்தப் புள்ளைக்குப் போய்ச் சேந்தது என்ன? எங்கழுத்துல கெடந்த மாலை ஒண்ணு, மூணு வரிப் பாட்டு. இத வெளிய சொல்ல முடியுமா?

போன வாரம் அவ மாமியாரப் பாத்தேன், சந்தையில. "மேகலாவுக்குத் தெனம் ஒங்க பேச்சுத்தான். எங்க மாமா எனக்கு ஒரு குறையும் வைக்கல, எல்லாமே செஞ்சுட்டாருன்னு வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்லுது"ன்னுச்சு அந்தம்மா. எனக்கு ஒரு மாதிரி ஆயிப்போச்சு. போன எடத்துல மாமனக் கொறைச்சுப் பேசிறக் கூடாதுன்னு அந்தப் புள்ள எனக்காகப் பொய் சொல்லிக்கிட்டு இருக்கு தம்பி.